கண்ணாடி மினுக்கம்: தூண்டில் ராடு நூல்கட்டோடு ஆறு வருடம்

முதலில் கெட்டுப்போன ராடைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2019 ஜூன், இடவப்பாதி மழை பிடித்து நாலாவது நாள். பூவாறிலிருந்து ஒருவர் பாரை மீனுக்கு வீச ஏழடித் தூண்டில் ராடு கட்டச் சொல்லியிருந்தார். தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்களைக் கம்பில் வைத்து நூல் சுற்றிக் கட்டி, மேலே எப்பாக்சி (ரெசின், ஹார்ட்னர் என்று இரண்டு திரவம் கலந்தால் இறுகுகிற பூச்சு) பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ராடோடு திரும்ப வந்துவிட்டார். "சேட்டா, இது கையில ஒட்டுதே" என்று நூல்கட்டின் மேல் பெருவிரலை அழுத்திக் காட்டினார். எடுத்தபோது ரேகை அப்படியே அதில் பதிந்திருந்தது. ஆதார் எடுக்கிற மெஷினில்கூட அவ்வளவு தெளிவாக விழாது.

அன்றைக்கு மழையின் மேல் பழியைப் போட்டேன். உண்மையான குற்றவாளி டீஸ்பூன். ரெசின் ஒரு கரண்டி, ஹார்ட்னர் ஒரு கரண்டி என்று அளந்திருந்தேன். ரெசின் தேன் மாதிரி, கரண்டியிலேயே பாதி ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். ஹார்ட்னர் அதைவிட இளக்கம், மிச்சமில்லாமல் வழிந்துவிடும். கப்பில் விழுந்தது சரிக்குச் சரி இல்லை. அளவு பிசகிய எப்பாக்சியை எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் இறுகாது. பிளேடை வைத்துச் சுரண்டி, ஒன்பது வளையத்தையும் பிரித்து, மறுபடி முதலிலிருந்து கட்டிக் கொடுத்தேன். கூலி கேட்க வாய் வரவில்லை.

அதன்பிறகு சிரிஞ்சுக்கு மாறினேன். ரெசினுக்கு ஒன்று, ஹார்ட்னருக்கு ஒன்று, மேலே பெயின்டால் புள்ளி வைத்து. இரண்டும் ஒருநாளும் மாறக்கூடாது. மெடிக்கல் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற சிரிஞ்சில் உள்ளே கறுப்பு ரப்பர் இருக்கும், அது வழுக்கிப் போக சிலிக்கான் தடவியிருப்பார்கள். அந்தச் சிலிக்கான் எப்பாக்சியில் துளி கலந்தாலும் போச்சு. பூசியது அங்கங்கே விலகி, அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக நிற்கும். ரப்பர் இல்லாத முழு பிளாஸ்டிக் சிரிஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். தராசு வைத்தும் பார்த்தேன், சரிவரவில்லை. புட்டியில் போட்டிருக்கிற ஒன்றுக்கு ஒன்று என்பது கொள்ளளவுக்கு. இரண்டுக்கும் அடர்த்தி வேறு என்பதால் எடை போட்டால் கணக்குத் தப்பும். வேலை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மூன்று மில்லிக்குக் குறைத்து நான் எடுப்பதில்லை. ஒரு மில்லியில் ஒரு சொட்டு கூடினால் பெரிய பிசகு, மூன்றில் அது தெரியாது.

கலக்குவதை மெதுவாக, கப்பின் ஓரத்தை வழித்து வழித்து, இரண்டு மூன்று நிமிடம். முட்டை அடிக்கிற மாதிரி அடித்தால் குமிழி நிறைந்துவிடும். கலந்ததும் கப்பிலேயே விடாமல், பொட்டலம் கட்டுகிற அலுமினியத் தாளில் மெல்லிசாக ஊற்றிப் பரத்திவிடுவேன். பாதிக் குமிழி தன்னாலே மேலே வந்து உடையும். அப்புறம் குவிந்து கிடந்தால் எப்பாக்சி தன் சூட்டிலேயே சீக்கிரம் கெட்டியாகும், பரந்து கிடந்தால் பூச இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும். இந்தத் தாள் யோசனை தெரியாமல் முதல் வருடம் எத்தனை பிரஷ் கப்போடு சேர்ந்து இறுகிப்போயிற்று என்று கணக்கில்லை.

மிச்சக் குமிழிக்கு ஸ்பிரிட் விளக்கு. மெழுகுவர்த்தியில் கரி படியும், வெள்ளை நூலில் அது ஜென்மத்துக்கும் போகாது. சுடரை ராடுக்குக் கீழே ஒரு வீச்சில் கொண்டுபோய் எடுத்துவிட வேண்டும், நிறுத்தக்கூடாது. சூடு பட்டதும் எப்பாக்சி இளகும், குமிழி பருத்து உடையும். கூடுதல் நேரம் காட்டினால் ஓடி வளையத்துக் காலில் (கம்போடு சேர்த்து நூலால் கட்டுகிற அதன் அடிப்பகுதி) போய்த் தேங்கும். குமிழி அதிகம் வருகிற இடமும் அந்தக் கால்தான். காலுக்கு இரண்டு பக்கமும் நூலுக்கு அடியில் குகை மாதிரி ஒரு சந்து இருக்கும். அதற்குள் இருக்கிற காற்று, நீங்கள் பூசி முடித்து டீ குடிக்கப் போன பிறகு வெளியே வரும். அதனால் முதல் பூச்சில் அந்தச் சந்தின் வாயில் பிரஷ் முனையை வைத்து, உள்ளே இறங்கும்வரை காத்திருந்து ஊட்டுவேன். குழந்தைக்குச் சங்கில் மருந்து கொடுக்கிற மாதிரி.

இனி மோட்டார். பூசிய ராடு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எப்பாக்சி அடியில் தொங்கும். மார்த்தாண்டத்தில் பழைய சாமான் கடையில், உடைந்த மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து தட்டு சுற்றுகிற மோட்டாரைக் கழற்றி வாங்கினேன். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நிமிடத்துக்கு ஐந்து சுற்று. வாங்குமுன் அதன் முதுகில் எத்தனை வோல்ட் என்று பார்த்துவிடுங்கள், சில மாடலில் 21 வோல்ட் மோட்டார் இருக்கும், நேரே வீட்டுக் கரண்டில் கொடுத்தால் புகைதான். ராடுக்காகவே செய்து விற்கிற மோட்டார்கள் இன்னும் கொஞ்சம் வேகம். அதற்காக வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறதா என்றால், எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடமாக அதே மைக்ரோவேவ் மோட்டார்தான்.

அதன் ஒரே எதிரி கரண்ட். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி எட்டு மணிக்கு, இரண்டாம் பூச்சு போட்டு அரை மணிகூட ஆகவில்லை, இடி இடித்துக் கரண்ட் போயிற்று. மோட்டாரிலிருந்து கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் நானும் எட்டாவது படிக்கிற மகளும் மாறி மாறிக் கையால் திருப்பினோம். மூன்று நிமிடத்துக்கு ஒரு அரைச் சுற்று. "அப்பா, பாட்டு பாடிட்டே சுத்தவா? ஒரு பாட்டுக்கு ஒரு சுத்து" என்றாள். அந்தக் கணக்கு சரியாகத்தான் வந்தது. பதினொன்றரைக்கு, அலுமினியத் தாளில் மிச்சமிருந்ததைக் குச்சியால் குத்திப் பார்த்தால் கம்பி இழுக்கவில்லை. அப்போதுதான் விட்டோம். அந்த ராடில் ஆறாவது வளையத்தில் மட்டும் லேசான ஒரு பக்க வீக்கம் இருக்கிறது. அவளிடம் கேட்டால் அது என்னுடைய முறையில் வந்ததாம்.

இப்போது வாடிக்கையாளர்களோடு எனக்கு ஓயாத சண்டை ஒன்று உண்டு. எல்லாருக்கும் கண்ணாடி மாதிரி வேண்டும். நூலின் வரிகள் தெரியக்கூடாது, தடவினால் வழுவழு என்று இருக்க வேண்டும், மேலே குண்டாக மினுங்க வேண்டும். முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் ஒரே பூச்சில் கனமாகப் போட்டேன். படம் எடுத்தால் அழகு. ஆனால் பளு விழுந்து ராடு வளைகிறபோது கம்பு வளைகிறது, வளையத்தின் கால் வளையாது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற கனமான எப்பாக்சி கால் நுனியில் விரிந்துகொடுக்கும். தேங்காய்ப்பட்டணத்தில் தூண்டில் வளைவு மேல் நின்று வீசுகிற ஒரு பெரியவருக்குக் கட்டிய ராடு பத்து மாதத்தில் வந்தது. (கடலரிப்புக்குப் போட்ட அந்தக் கல்லணைக்கு எங்கள் பக்கம் பெயரே அதுதான், தூண்டில் போடவும் அதைவிட நல்ல இடம் இல்லை.) ஒவ்வொரு கால் நுனியிலும் மயிரிழை வெடிப்பு, அதற்குள் உப்புத் தண்ணீர் இறங்கி நூல் வெளுத்திருந்தது. "மக்கா, மினுக்கம் கொள்ளாம், மீன் பிடிக்கக் கொள்ளாது" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் திட்டவில்லை.

அதற்குப்பின் இரண்டு மெல்லிய பூச்சு. முதல் பூச்சு நூலுக்குள் இறங்க மட்டும். பத்து நிமிடம் கழித்து, மேலே நிற்கிற மிச்சத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் ஒற்றி எடுத்துவிடுவேன். பார்க்க அசிங்கமாக, வரி வரியாக இருக்கும், பரவாயில்லை. மறுநாள் இரண்டாவது. இரண்டு நாளுக்குமேல் தள்ளிப்போனால் மெல்லிய உப்புத்தாளால் லேசாக உரசிவிட்டுத்தான் பூசுவேன், இல்லாவிட்டால் பிடிப்பு இருக்காது. நூல் சுற்றுமுன் வளையத்தின் காலை அரத்தால் நுனி மெலிய ராவிவிடுவேன். நூல் கம்பிலிருந்து காலின் மேல் படியேறாமல் சரிவாக ஏறும். சொல்லப்போனால் வெடிப்புக்குப் பாதி வைத்தியம் இந்த அரம்தான், எப்பாக்சி இல்லை. பெரியவரின் ராடை இப்படி மாற்றிக் கட்டிக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. நாலு மாதத்துக்கு ஒருமுறை வாங்கிப் பார்க்கிறேன், வெடிப்பு இல்லை.

நூலில் நான் அதிகம் பணம் தொலைக்கவில்லை. ஏ அளவு மெல்லிய நைலான் சாதாரண ராடுக்கு, டி அளவு கனத்த கடல் ராடுக்கு. சாதா நைலான் எப்பாக்சி குடித்ததும் நிறம் இருண்டுவிடும், சிவப்பு கருஞ்சிவப்பாகும், வெள்ளை கிட்டத்தட்டக் காணாமலே போகும். நிறம் மாறாத வகை நூல் தனியாக உண்டு. தையல்காரர் எம்பிராய்டரிக்கு வைத்திருக்கிற பளபளப்புப் பாலியஸ்டர் நூலும் நன்றாகவே நிற்கிறது. ஆனால் சாதாரணத் தையல் நூல் வேண்டாம். அதில் பஞ்சு மயிர் எழும்பி, பூச்சில் ஒவ்வொன்றும் முள்ளாக நிற்கும். நூலின் கடைசி நுனியை உள்ளே இழுக்கக் கண்ணி போட, தங்கூசியைவிட (ஒற்றை இழை நைலான் நரம்பு) மெல்லிய பின்னல் நரம்பு நல்லது, வழுக்கிக்கொண்டு வரும். சுற்றி முடித்ததும் இடைவெளிகளை நெருக்க, பழைய டூத் பிரஷ் கைப்பிடியைத் தேய்த்து மழமழப்பாக்கி வைத்திருக்கிறேன். கடையில் விற்கிற கருவியையும் ஒன்று வாங்கினேன். அது மேசை இழுப்பில் தூங்குகிறது.

இந்தப் பக்கம் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை. அந்த மாதங்களில் காய்ந்த பூச்சின் மேல் மெழுகு தடவியது மாதிரி ஒரு மங்கல் படியும். காற்றின் ஈரம் ஹார்ட்னரோடு சேர்ந்து வருவது. மேலேயே இரண்டாவது பூசினால் உரிந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவினால் போய்விடும், தின்னர் தேவையில்லை. இப்போது ராடு நீளத்துக்கு ஒரு பிளைவுட் பெட்டி அடித்து, கோழிக்குஞ்சுக்குப் போடுகிற மாதிரி இரண்டு குண்டு பல்பு போட்டிருக்கிறேன். மங்கல் வெகுவாகக் குறைந்தது, தூசியும் விழுவதில்லை.

மேசைக்கு ஊற்றுகிற ரெசினைப் போட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இறுகுகிறது, வளைவுக்கு ஆகாது. புறஊதா விளக்கில் காய்கிற ரெசின் சில நிமிடத்தில் முடிந்துவிடும், வேலை சுலபம், ஆனால் கறுப்பு நூலுக்கு அடியில் விளக்கு வெளிச்சம் போகாது, அங்கே ஈரமாகவே நிற்கிறது. அதை ஈயக் குண்டு, மிதவை சரிபண்ண மட்டும் வைத்திருக்கிறேன். ராடுக்கென்றே வருவதில் ஃபிளெக்ஸ் கோட் லைட் எனக்குக் கைபழகிவிட்டது. மெல்லிய பூச்சு என் வழி, அதற்கு அது பொருந்துகிறது.

இன்னும் தீராதது மஞ்சள். வெயில் பட்டால் எப்பாக்சி மெல்ல மஞ்சளாகும். கறுப்பு, கரும்பச்சை நூலில் யாருக்கும் தெரியாது. வெள்ளையில் இரண்டு வருடத்தில் தெரிந்துவிடும். பாறசாலையிலிருந்து வந்த ஒரு தம்பியிடம் இதையெல்லாம் சொல்லி, பழைய வெள்ளை ராடு ஒன்றையும் எடுத்துக் காட்டினேன். காளாஞ்சிக்குப் போகிற ராடாம் (நாங்கள் கொடுவா என்கிறோம்), வெள்ளையில் சிவப்புக் கரைதான் வேண்டுமாம். முதல் பூச்சு போட்டாயிற்று, பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. காலையில் மழை விட்டால் இரண்டாவது.