ஷீட்ஸ் வைத்துப் புள்ளியியல் நடத்திய ஏழு வருடம்

பி.காம். இரண்டாம் ஆண்டுக்கு வணிகப் புள்ளியியல் எடுக்கிறேன். 2018 வரை சாக்பீஸும் கால்குலேட்டரும்தான். அப்புறம் புரொஜெக்டரில் எக்செல், மாணவர்கள் போனில் கூகுள் ஷீட்ஸ் என்று மாறினோம். கம்ப்யூட்டர் லேப் எங்கள் துறைக்கு வாரம் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், அதனால் போனைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

முதல் வருடம் நேரே ஃபார்முலாவுக்குப் போய்விட்டேன். அது தவறு. எல்லோருக்கும் நொடியில் விடை வந்தது, ஆனால் எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்று காட்டும் அளவைப் பற்றி, "திட்ட விலக்கம் 14 என்றால் என்ன?" என்று கேட்டதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. இப்போது எதையும் ஒரு முறை கையால் போட்ட பிறகுதான் போனை எடுக்கச் சொல்கிறேன். ஒரு கடையில் ஐந்து நாளில் விற்ற வடை 40, 80, 60, 50, 70. சராசரி 60, விலக்கங்களின் வர்க்கக் கூட்டல் 1000. ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 14.14. அதையே ஷீட்டில் போட்டால் 15.81 வரும். "மேம், போன் தப்பா காட்டுது" என்று யாராவது சொல்வார்கள். அந்தக் குரலுக்காகத்தான் காத்திருப்பேன். வழக்கமான ஃபார்முலா இந்த ஐந்து நாளை ஒரு கூறாக, அதாவது முழுத் தரவிலிருந்து எடுத்த ஒரு பகுதியாக மட்டும் எடுத்துக்கொண்டு நான்கால் வகுக்கிறது. கூறின் சொந்தச் சராசரியிலிருந்தே விலகலை அளப்பதால் விடை கொஞ்சம் குறைவாக வந்துவிடும், அதை ஈடுகட்டத்தான் இந்த நான்கு. ஐந்தால் வகுக்க வேண்டுமானால் பி என்று முடியும் ஃபார்முலா தனியாக இருக்கிறது. கரும்பலகையில் எத்தனையோ வருடம் சொல்லியும் மனதில் ஏறாதது, இந்த இரண்டு விடைகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதும் ஏறியது.

எனக்கு மிகவும் பிடித்தது கூறெடுப்பு வகுப்பு. 62 பேரும் மாத ரீசார்ஜ் செலவைப் படிவத்தில் எழுதுவார்கள். அதிலிருந்து தற்செயலாக ஐந்து எண்களை (ஒருவருடையதே திரும்பவும் வரலாம்) எடுத்துச் சராசரி போடும் ஃபார்முலாவை ஷீட்டில் வைத்துவிடுவோம். காலியான கட்டத்தில் எதையாவது தட்டினால் போதும், வேறு ஐந்து பேர் வருவார்கள், சராசரி மாறிவிடும். கிடைத்ததைப் பலகையில் புள்ளியாக வைக்க வேண்டும். புள்ளிகள் பரந்து கிடக்கும். அடுத்து ஐந்தை இருபதாக்கினால் எல்லாம் நடுவில் வந்து நெருங்கும், பரவல் ஏறக்குறைய பாதியாகிவிடும். "நாலு மடங்கு எடுத்தும் பாதிதான் குறையுதா மேம்? இன்னும் பாதியாக்கணும்னா எண்பது வேணுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஆமாம், எண்பதுதான். எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் பரவல் குறையும் என்ற விதியை நான் இன்னும் எழுதவே இல்லை. அவளே அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

தொல்லையும் உண்டு. "299 ரூபாய்" என்று எழுதினால் ஷீட்டுக்கு அது எண் இல்லை, எழுத்து; கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். சராசரி போடும்போது சத்தமில்லாமல் விட்டுவிடும், பிழை என்றும் சொல்லாது. ஒரு தடவை 62 வரிக்கு எண்ணிக்கை 55 என்று வந்தபோதுதான் கவனித்தோம். எண்ணை மட்டும் ஏற்கும்படி படிவத்தை அமைக்கலாம். தெரிந்தேதான் அமைக்காமல் வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகிற இடத்தில் இதைவிட மோசமான தரவுதான் கையில் வரும், இடப்பக்கம் ஒட்டி நிற்கும் எண்ணைச் சந்தேகிக்க இப்போதே பழகட்டும்.

இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று பார்க்கும் ஒட்டுறவுக்கு, புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம்ப் 1973இல் தந்த நான்கு தரவுத் தொகுதிகளைக் கட்டாயம் காட்டுவேன். நான்கிலும் ஒட்டுறவைக் காட்டும் எண்ணான கெழு 0.816தான். படம் போட்டால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு, மற்ற இரண்டையும் ஒற்றைப் புள்ளி இழுத்துக்கொண்டு போகிறது. அதற்கப்புறம் படம் போடாமல் யாரும் கெழுவைச் சொல்வதில்லை.

தேர்வு இன்னும் தாளில்தான். எக்ஸ், ஒய், வர்க்கங்கள், பெருக்கல் என்று ஐந்து நிரல் அட்டவணையைக் கையால்தான் போட வேண்டும். அதனால் பாதி நேரம் அதற்கே போகிறது. ஷீட்டில் கற்றதற்கு மதிப்பெண் கிடையாது என்பது வருத்தம்தான். ஆனாலும் போன டிசம்பரில் ஒரு பையன் அப்பாவின் மளிகைக் கடைக் கணக்கு நோட்டை, ஆறு மாத விற்பனையோடு, தானாகவே தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.