மரவேலைக்கு ஒரு மெரினோ உள்சட்டை: இரு குளிர்காலங்களுக்குப் பின்

கனடாவின் ஒன்டாரியோவில் ஓக் மரங்களைக் குளிர்காலத்தில் கவாத்து செய்வதே நல்லது. 2023இல் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் ஓக் வாடல் நோய் உறுதிசெய்யப்பட்டதிலிருந்து, வெட்டுக்காயத்தை நாடி அந்நோயைப் பரப்பும் வண்டுகள் நடமாடாத மாதங்களுக்கென்றே பெரும்பாலான வேலைகளை ஒதுக்குகிறோம். பூஜ்யத்திற்குக் கீழே 15 பாகையில் கயிற்றில் தொங்குபவருக்குக் குளிரைவிட வியர்வையே பெரிய எதிரி: ஏறும்போது நனையும் பருத்திச் சட்டை, கிளையில் அமர்ந்து மரம் அறுக்கும் இயந்திர வாளை இயக்கும்போது உடற்சூட்டை உறிஞ்சிவிடுகிறது.

நான் வாங்கிய சட்டை, சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள முழுக்கை மெரினோ கம்பளி (மெரினோ என்பது மெல்லிய ரோமம் தரும் செம்மறியாட்டு இனம்). கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைகளுக்குள் ஏற்றுக்கொண்டும் தோலில் ஈரமாக உணரப்படுவதில்லை என்பதை நண்பகல் இடைவேளையில் நன்றாக உணர்ந்தேன். மூன்று நாள் துவைக்காமல் அணிந்தும் நாற்றம் எழவில்லை, வீட்டாரும் முறையிடவில்லை.

குறையும் உண்டு. இடுப்புப் பட்டை உராயும் இடத்தில் முதல் குளிர்காலத்திலேயே துணி மெலிந்து, இரண்டாவதில் ஓட்டை விழுந்தது. விலைக்கு இது ஏமாற்றமே. சூடான உலர்த்தியில் போட்டுச் சுருங்கவைத்தது என் தவறு. இதன் மேல் கம்பளிப் பின்னலும் காற்றுத்தடுப்பு மேலங்கியும் போதும். கழுத்துத்துண்டு மட்டும் வேண்டாம். கிளைகளை அரைக்கும் இயந்திரத்தின் அருகே தொங்கும் துணி எதுவும் ஆபத்து. கால்களுக்கு மெல்லிய வகையையே வாங்குங்கள், ஏனெனில் இயந்திர வாள் காலை வெட்டாமல் காக்கும் காற்சட்டைக்குள் தடித்த துணி முழங்காலை மடக்கவிடாது.