ஜிபிஎஸ்ஸில் ‘ரூட் ஏற்றித் தருகிறோம்’ என்றால் உடனே காசு கொடுக்காதீர்கள்

மலையகத்தில் சுற்றுலா வேன் ஓட்டுபவர்கள் கவனத்துக்கு. கூகுள் மேப்ஸில் போட்ட பாதையை, வேனில் வழிகாட்டும் கார்மின் ஜிபிஎஸ் கருவிக்கு மாற்றித் தருவதாக ஒரு போன் கடையில் காசு வாங்கினார்கள். கேட்டது கம்பளை, றம்பொட, நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் வழி. கருவிக்குள் வந்ததோ ஊர்ப் பெயரோடு வெறும் புள்ளிகள். ‘மேப் அப்டேட்’ என்று தனியாக அறவிட்ட தொகைக்குப் போட்டது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் இலவச வரைபடம்!

புள்ளி மட்டும் இருந்தால் இடையிலுள்ள வழியைக் கருவியே முடிவு செய்யும். ‘குறைந்த தூரம்’ என்று செட்டிங் இருந்தால் தோட்டத்துப் பாதையும் அதற்கு நல்ல ரோடுதான். நானுஓயாவிலிருந்து ஹட்டன் பக்கம் இறங்கும்போது ரதல்ல குறுக்கு வீதியில் திருப்பிவிடவும் கூடும். 2023 ஜனவரியில் 7 பேரைப் பலிகொண்ட சரிவு அது.

கடைக்காரர் தரும் ஜிபிஎக்ஸ் ஃபைலை (ஜிபிஎஸ் கருவி படிக்கும் பாதை ஃபைல்) நோட்பேடில் திறந்து பாருங்கள். ‘டபிள்யூபிடி’ (wpt) என்று மட்டும் இருந்தால் வெறும் புள்ளிகள். ‘டிஆர்கே’ (trk) என்றால் கோடு. திரையில் தெரியும், ஆனால் பல பழைய கருவிகள் அதை வைத்துத் திருப்பம் சொல்லாது. ‘ஆர்டிஇ’ (rte) இருந்தால்தான் ரூட். எண்களையும் பாருங்கள். நம் பக்கம் அட்சரேகை 6, 7 என்றும் தீர்க்கரேகை 80, 81 என்றும் தொடங்கும். கூகுள் தரும் கேஎம்எல் வகை ஃபைலில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். அரைகுறையாக மாற்றினால் இரண்டும் இடம் மாறி, ஹட்டன் போய் ஆர்க்டிக் கடலில் விழும்.

இந்த வேலைக்குக் கடையே தேவையில்லை. கூகுள் மேப்ஸ் நேரடியாக ஜிபிஎக்ஸ் தராது. கூகுளின் மை மேப்ஸில் பாதை போட்டு கேஎம்எல்லாக இறக்கி, ஜிபிஎஸ்பேபல் என்ற மென்பொருள் மூலம் ஜிபிஎக்ஸ் ஆக்கலாம். கிடைப்பது பெரும்பாலும் கோடுதான். அதை கார்மினின் இலவச கணினி மென்பொருளான பேஸ்கேம்ப்பில் திறந்து, அதன் மேலேயே புதிதாக ரூட் போடுங்கள். கருவியில் உள்ள அதே வரைபடம் பேஸ்கேம்ப்பிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கருவி தன் இஷ்டத்துக்கு மறுபடி கணக்கிடும்.

அதிகம் பிழை வருவது புள்ளி வைக்கும் இடத்தில். றம்பொட போன்ற கொண்டை ஊசி வளைவுகளில், படத்தைப் பெரிதாக்காமல் புள்ளி வைத்தால் கீழ் ரோட்டுக்குப் பதில் மேல் ரோட்டில் உட்கார்ந்துவிடும். வேன் தாண்டிய பிறகும் ‘திரும்பு, திரும்பு’ என்று கருவி விடாது. சந்தியிலோ வளைவிலோ வைக்காமல், சந்தி தாண்டி நேரான துண்டில் வையுங்கள். இறங்காத இடங்களை நிறுத்தமாக வைக்காமல், பாதையை மட்டும் வகுக்கும், அறிவிப்பில்லாத வடிவப் புள்ளியாக (ஷேப்பிங் பாயிண்ட்) மாற்றிவிடுங்கள்.

ஃபைலைக் கருவியின் கார்மின் ஃபோல்டருக்குள் உள்ள ஜிபிஎக்ஸ் ஃபோல்டரில் போட்டால் மட்டும் போதாது. கருவியில் ட்ரிப் பிளானரைத் திறந்து இம்போர்ட் கொடுக்க வேண்டும். ஏற்றிய பின்னும் ரூட் காணோம் என்பவர்களில் பலர் இங்கேதான் தவறு விடுகிறார்கள்.

அப்படியும் கடையில்தான் செய்வதென்றால், காசு கொடுக்குமுன் அங்கேயே, வேன் ஓடாமலே பாதையை ஓட்டிக் காட்டும் ஜிபிஎஸ் சிமுலேட்டரைப் போட்டு, திருப்பங்களின் பட்டியலை ஊர் ஊராகப் பார்த்துவிடுங்கள். பில்லில் ‘ஜிபிஎஸ் வேலை’ என்று எழுத விடாதீர்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வழியாக என்று எழுதி வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் முறைப்பாடு செய்யும்போது அந்தப் பில் கையில் இருக்கட்டும்.