ஸ்க்ரமா, கான்பானா, வாட்டர்ஃபாலா: டீமுக்கு சுதந்திரமும் வேணும், கேட்டா பதிலும் வேணும்

சாஃப்ட்வேர் ப்ராஜெக்டை ஓட்டுற முறைகள்ல, அதாவது மெத்தடாலஜில, எது நம்ம டீமுக்கு செட் ஆகும்னு பேச ஆரம்பிச்சாலே பேச்சு டூல் பக்கம் போயிடுது, ஜிரா வாங்கலாமா ட்ரெல்லோ போதுமான்னு. அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ரெண்டு இருக்கு. நடுவுல தேவை மாறினா வேலையைத் திருப்ப முடியுமா? நினைச்சபடி வரலன்னா அது எவ்ளோ சீக்கிரம் வெளிய தெரியும், தெரிஞ்சா யாரு பதில் சொல்லணும்? இதுல ஒண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்த ப்ராஜெக்ட் எல்லாம் பெரிய பெரிய தொகையை விழுங்கியிருக்கு.

வாட்டர்ஃபால் பேப்பர்ல பார்க்க ரொம்ப பொறுப்பா தான் இருக்கும். ரெக்வயர்மென்ட் முடிஞ்சு கிளையன்ட் கிட்ட சைன்ஆஃப், அதாவது ஒப்புதல் கையெழுத்து, வாங்கினா தான் டிசைன், அது முடிஞ்சா கோடிங், அப்புறம் டெஸ்டிங், ஒவ்வொரு மைல்ஸ்டோனுக்கும் பேமென்ட், ஏதாவது மாத்தணும்னா சேஞ்ச் ரெக்வெஸ்ட் போட்டு தனி பில். 1970ல ஒரு கட்டுரையில இந்த வரிசையைப் படமா வரைஞ்ச சாஃப்ட்வேர் நிபுணர் வின்ஸ்டன் ராய்ஸே, டெஸ்டிங் கடைசியில வர்றதால இதை அப்படியே செஞ்சா ஆபத்துன்னு அதே கட்டுரையில எழுதி வச்சிருந்தார், படத்தை மட்டும் எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க.

அந்த ஆபத்து எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா அமெரிக்க எஃப்பிஐயோட சென்டினல் ப்ராஜெக்டைப் பாருங்க. கேஸ் ஃபைல் எல்லாத்தையும் பேப்பர்ல இருந்து சிஸ்டத்துக்குக் கொண்டு வர்ற வேலை. அதுக்கு முந்தின முயற்சியில கிட்டத்தட்ட 170 மில்லியன் டாலர் போட்டு 2005ல கைவிட்டுட்டாங்க. 2006ல சென்டினல்னு புதுசா தொடங்கி, நாலு ஃபேஸ், 2009 டிசம்பருக்குள்ள முடிக்கணும்னு ஒரு பெரிய கான்ட்ராக்டர் கிட்ட குடுத்தாங்க. 2010 ஆகஸ்ட்ல கணக்கு பார்த்தா 451 மில்லியன் பட்ஜெட்ல 405 மில்லியன் செலவாயிடுச்சு, கைக்கு வந்தது ரெண்டே ஃபேஸ். இத்தனைக்கும் அது சைன்ஆஃப், ரிவியூ எதுக்கும் குறைச்சல் இல்லாத ப்ராஜெக்ட். அப்புறம் எஃப்பிஐ தானே கையில எடுத்து, சின்ன டீம் வச்சு ரெண்டு வார ஸ்ப்ரிண்டா, அதாவது குறிச்ச நாளுக்குள்ள முடிக்கிற சின்ன சின்ன சுத்தா, ஓட்டி 2012 ஜூலைல லைவ் பண்ணாங்க. அந்த ரெண்டாவது ஓட்டத்துலயும் டெட்லைன் தள்ளிப் போச்சு, 2011 அக்டோபர் டெஸ்ட்ல சிஸ்டம் படுத்துது, ஹார்டுவேர் தாங்கலன்னு மாத்த வேண்டியிருந்துச்சு. ஆனா அது எல்லாருக்கும் ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது.

இப்படி சின்ன சின்னதா கட்டி, காட்டி, திருத்திக்கிட்டே போறதுக்குப் பேரு அஜைல். இதை வச்சு அஜைல்னா போதும்னு முடிவு கட்டிடாதீங்க. பிரிட்டன்ல யுனிவர்சல் கிரெடிட்னு ஒரு நலத்திட்டத்துக்கு அஜைல்னு சொல்லி தான் சிஸ்டம் கட்ட ஆரம்பிச்சாங்க. முழு சேவையும் கடைசியில எப்படி ஓடும்னு விவரமான பிளான் இல்ல, செலவு மேல கட்டுப்பாடு இல்ல, கெட்ட செய்தியை மேல யாரும் கொண்டு போகல. 2013 செப்டம்பர்ல அந்த நாட்டு தணிக்கை அலுவலகம் ரிப்போர்ட் விட்டப்போ 34 மில்லியன் பவுண்டுக்கான ஐடி வேலை தள்ளுபடி ஆகியிருந்துச்சு.

சரி, அஜைல்லயே நம்ம டீம்கள்ல அதிகமா ஓடுற ஸ்க்ரமுக்கு வருவோம். ஒரு மாசத்துக்கு மிகாத ஸ்ப்ரிண்ட், ஒரு கோல், கடைசியில ஓடுற சாஃப்ட்வேரைக் காட்டணும், எது முதல்லன்னு சொல்ல ப்ராடக்ட் ஓனர்னு ஒரே ஆள். அந்த ஒரே ஆள்ங்கிற இடத்துல தான் பொறுப்பே நிக்குது, வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு இங்க இருந்து வேலை பார்க்குற ஆஃப்ஷோர் டீம்ல உடையுறதும் அங்க தான். நிஜ ஓனர் நியூஜெர்சியில இருப்பார், இங்க ஒரு பிசினஸ் அனலிஸ்ட்டை அவருக்குப் பதிலா ப்ராக்ஸி ப்ராடக்ட் ஓனர்னு (சுருக்கமா பிஓ) உட்கார வச்சிருப்பாங்க, அவருக்கு முடிவெடுக்குற அதிகாரம் கிடையாது, ஒரு சின்ன சந்தேகத்துக்கு மெயில் போட்டு அடுத்த நாள் வரைக்கும் காத்திருக்கணும், ஸ்ப்ரிண்ட் முடியுறப்போ பழி டெவலப்பர் தலையில விழும். இன்னொரு பக்கம் வெலாசிட்டி, அதாவது ஒரு ஸ்ப்ரிண்ட்ல டீம் முடிக்கிற மொத்த பாயிண்ட், ஏறணும்னு மேனேஜர் அழுத்தினா நேத்து வரைக்கும் 5 பாயிண்ட் அளவுன்னு டீம் மதிப்பு போட்டிருந்த வேலை இன்னைக்கு 8 ஆகும், சார்ட் அழகா ஏறும், கிளையன்ட் கைக்கு போறது அதே தான். தினமும் நடக்குற ஸ்டாண்டப் மீட்டிங்ல “நேத்தும் அதே டிக்கெட், இன்னைக்கும் அதே டிக்கெட், பிளாக்கர் எதுவும் இல்ல”ன்னு (டிக்கெட்னா பதிவு பண்ணின ஒரு வேலை, பிளாக்கர்னா தடை) ஒருத்தர் வாரம் முழுக்க சொல்லியும் ஏன்னு யாரும் கேட்கலன்னா அந்த டீம்ல ஸ்க்ரமோட மீட்டிங் மட்டும் தான் நடக்குது. பிஓ டெமோல வந்து உட்கார்ந்து இது வேணும் இது வேணாம்னு அங்கயே சொல்ற டீமா இருந்தா, ப்ராடக்ட் கட்ட இதுக்கு மேல ஒண்ணு தேவையில்லன்னு தைரியமா சொல்வேன்.

சப்போர்ட், மெயின்டனன்ஸ் டீமுக்கு கான்பான் தான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. வேலை எல்லாம் எந்தக் கட்டத்துல இருக்குன்னு ஒரு போர்டுல காட்டி, ஒரே நேரத்துல ஓடுறதுக்கு வரம்பு போடுற முறை இது. ஓடிட்டு இருக்கிற சிஸ்டம்ல வர்ற புரொடக்ஷன் இஷ்யூ ஸ்ப்ரிண்ட் பிளானிங் வரைக்கும் காத்திருக்குமா? சாஃப்ட்வேர்ல இந்த முறைக்கு ஆரம்பம்னு சொல்ற டேவிட் ஆண்டர்சனோட 2004 மைக்ரோசாஃப்ட் கதையில வேலை பார்த்தது ஹைதராபாத்ல இருந்த ஒரு மெயின்டனன்ஸ் டீம். வர்ற ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் எஸ்டிமேட் போட்டே அவங்க நேரம் போயிட்டிருந்துச்சு. அதை நிறுத்தி, ஒரே நேரத்துல கையில வச்சிருக்கிற வேலைக்கு வரம்பு போட்டாங்க, மாசக்கணக்குல இழுத்தது வாரக்கணக்குக்கு வந்துச்சு. கணக்கு சிம்பிள் தான், போர்டுல 20 டிக்கெட் ஓடிட்டு இருக்கு, வாரத்துக்கு 4 முடியுதுன்னா ஒரு டிக்கெட் வெளிய வர சராசரியா 5 வாரம், 8 மட்டும் ஓடினா 2 வாரம். போர்டுல டெஸ்டிங் கட்டத்துல 3 டிக்கெட்டுக்கு மேல கூடாதுன்னு வரம்பு போட்டு அது நிறைஞ்சுடுச்சுன்னா டெவலப்பர் புது டிக்கெட் எடுக்க முடியாது, டெஸ்டர் பக்கத்துல போய் உட்கார்ந்து இருக்குறதை முடிக்கணும். இங்க பொறுப்புன்னா, இந்த மாதிரி டிக்கெட்ல 85 சதவீதம் 9 நாளுக்குள்ள முடியுதுன்னு பழைய டேட்டாவை வச்சு கிளையன்ட்டுக்கு வாக்கு குடுக்கலாம், அது யாரும் வாய்க்கு வந்தபடி சொன்ன எஸ்டிமேட் இல்ல. ஆனா யாரு வந்து சொன்னாலும் வரம்பைத் தளர்த்துற டீம்ல இது வெறும் கலர் கலரான லிஸ்ட்டா தான் இருக்கும்.

பேஸ்கேம்ப்ங்கிற சாஃப்ட்வேர் கம்பெனி ஆளுங்க 2019ல வெளியிட்ட ஷேப் அப் முறையில ஒரு வேலைக்கு 6 வாரம் தான், முடியலன்னா தானா நீட்டிப்பு கிடையாது, அளவைக் குறைச்சு முடி இல்லன்னா விடுன்னு சொல்றாங்க. சொந்த ப்ராடக்ட் வச்சிருக்கிற கம்பெனிக்கு அருமையான முறை, பில் போட்டு பிழைக்கிற சர்வீஸ் கம்பெனிக்கு நடக்காது.

மிச்சம் இருக்குறது ஃபிக்ஸ்டு பிட், அதாவது அரசாங்க டெண்டர் மாதிரி அளவும் விலையும் முன்னாடியே எழுதிட்ட வேலை. அங்க கான்ட்ராக்ட் வாட்டர்ஃபாலா தான் இருக்கும், சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல. ஆனா மைல்ஸ்டோன் பேமென்ட்டை டாக்குமென்ட் சைன்ஆஃப்போட கட்டாம, ஓடுற சாஃப்ட்வேரை கிளையன்ட் ஆளே தொட்டுப் பார்க்குற டெமோவோட கட்டச் சொல்லி கையெழுத்துக்கு முன்னாடியே கேளுங்க. கூடவே, அளவு மாறாம ஒரு ஃபீச்சரை எடுத்துட்டு இன்னொண்ணை வைக்க வழி விடுற ஒரு ஷரத்து, அதுக்கு ஓகே சொல்ல கிளையன்ட் பக்கத்துல பதவியோட எழுதின ஒரே ஒரு ஆள். இந்த மூணுக்கும் ஒத்துக்காத கிளையன்ட்னா எஸ்டிமேட்டை ஏத்திப் போடுங்க.