தினசரி வேதாகம (பைபிள்) வாசிப்பும் மனப்பாடமும்: மும்பையிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

மகள் முதல் வகுப்பில் சேர்ந்த ஆண்டில் தொடங்கிய பழக்கம் இது. இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். இத்தனை காலத்தில் எது தாக்குப்பிடித்தது, எது உதிர்ந்தது என்பதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வாசிப்பு. வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். திங்கள் முதல் சனி வரை தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஓராண்டில் முடிந்துவிடும். ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்ஷேன் 1842இல் தம் சபைக்கு வகுத்த திட்டத்தில் நாளொன்றுக்கு நான்கு அதிகாரங்கள். பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதப் புத்தகமும் இருமுறையும் வரும். வேதாகமத்தின் வெவ்வேறு புத்தகங்களிலிருந்து வாசிப்பதால் நாளாகமத்தின் வம்ச வரலாறுகூட அலுப்பதில்லை. ஆனால் தாராவியில் விடியுமுன் தண்ணீர் பிடித்துவிட்டு சயான் ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர்களுக்கு நான்கு அதிகாரம் அதிகம். அதையே இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொள்ளலாம். முழு வேதாகமத்தையும் வாசித்து முடித்தேன் என்று புத்தாண்டு ஆராதனையில் சாட்சி சொல்வதற்காகவே டிசம்பரில் பக்கம் தள்ளுகிறவர்கள் உண்டு. அதை வாசிப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மனப்பாடம் வேறு விஷயம். காலையில் சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) போகும் லோக்கல் ரயிலில் புத்தகம் விரிக்க முடியாது, கைபேசியை எடுக்கவும் இடமிருக்காது. உதடு அசைந்தால் போதும் என்கிற வேலைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தாதர் வரை நேற்றைய வசனம். அங்கே கூட்டம் இறங்கியதும் சட்டைப்பையில் வசனம் எழுதி வைத்த அட்டையிலிருந்து புதியது. பைகுலா தாண்டினால் பழையவை.

அந்தப் பழையவைதான் உயிர்நாடி. கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை 1885இலேயே ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் சோதித்து எழுதிவிட்டார். 1972இல் செபாஸ்டியன் லைட்னர் சொன்ன பெட்டி முறையை நான் மிட்டாய் டப்பாவில் செய்கிறேன்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறை தினமும், கடைசி அறை மாதம் ஒருமுறை. இதையே செய்யும் செயலி ஒன்றையும் வைத்திருந்தேன். ஊருக்குப் போகும் ரயிலில் சிக்னல் இல்லாத ஒரு நாளுக்காக அது என் தொடர்நாள் கணக்கைப் பூஜ்யமாக்கியது. பக்திக்கு மதிப்பெண் போடும் கருவி எதற்கு என்று அன்றே நீக்கிவிட்டேன்.

வாக்குத்தத்த அட்டை (கடவுளின் வாக்குறுதியாக ஒரே வசனம் அச்சிட்ட அட்டை) போலத் தனி வசனங்களைச் சேர்ப்பதைவிட, முழு அதிகாரமாகப் படிப்பதே மேல் என்பது என் கட்சி. மனப்பாடம் செய்யும்போதுதான் கண் மேலோட்டமாகத் தாண்டிய இடங்களில் நாக்கு இடறும். யாத்திராகமம் 20இலும் உபாகமம் 5இலும் பத்துக் கட்டளைகள் இருக்கின்றன. இரண்டையும் படித்துப் பாருங்கள்: ஓய்வுநாளுக்கு ஒன்றில் சிருஷ்டிப்பு காரணம், மற்றதில் எகிப்தின் அடிமைத்தனம் காரணம். வெறுமனே வாசித்தபோது இது என் கவனத்துக்கே வரவில்லை. 57, 60 ஆகிய சங்கீதங்கள் தெரிந்தவருக்கு 108 இலவசம். அது அவ்விரண்டின் பிற்பகுதிகளும் சேர்ந்தது.

மிகக் கடினமானது 119ஆம் சங்கீதம். எட்டெட்டு வசனமாக 22 பகுதிகள், மொத்தம் 176. எபிரெயத்தில் ஒவ்வொரு பகுதியின் எட்டு வசனங்களும் ஒரே எழுத்தில் தொடங்கும். தமிழில் அந்தப் பிடிமானம் கிடையாது. கடவுளின் சட்டத்தைக் குறிக்கும் சொற்கள் கட்டளைகள், பிரமாணங்கள், சாட்சிகள், கற்பனைகள், நியாயங்கள் என்று மாறி மாறி வருவதில் எந்த வசனத்துக்கு எது என்று குழம்பும். ஒரு பகுதியை முழுதாக முடிக்காமல் அடுத்ததைத் தொடவே கூடாது. தொடங்குகிறவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம், புதிய ஏற்பாட்டின் பிலிப்பியர் நிருபத்துக்கு (கடிதத்துக்கு)ப் போங்கள். நான்கு அதிகாரம், 104 வசனம். வாரம் இரண்டு வசனம் என்றால் ஓராண்டில் ஒரு நிருபமே கைவசமாகும்.

ஒப்புவிக்க ஓர் ஆள் மட்டும் கட்டாயம் தேவை. எங்கள் வீட்டில் இரவுக் குடும்ப ஜெபம் முடிந்ததும் அம்மா வேதாகமத்தை விரித்து வைத்துக்கொள்வார். கருத்து சரியாக இருந்தாலும் சொல் மாறினால் விடமாட்டார், மீண்டும் முதல் வசனத்திலிருந்து சொல்லச் சொல்வார்.