முருகைக்கல்லுக்கு எது மருந்து?

யாழ்ப்பாணக் கோட்டையின் கடலேரிப் பக்கச் சுவரில் கல் உதிரும் இடமாகப் பார்த்து உள்ளங்கையை வைத்து எடுத்தால், கையோடு வெண்பொடி ஒட்டிக்கொண்டு வரும். போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் பெருப்பித்த அந்தக் கோட்டையின் முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்), கந்தரோடையின் பழைய பௌத்தத் தூபிகளின் கல்லும் பெரும்பாலும் கல்சியம் காபனேற்றே, அதாவது சுண்ணக்கல் இனமே. உதிரும் கல்லை இறுக்க எந்த மருந்தைத் தேர்ந்தாலும் இதை மறக்கக்கூடாது.

உலகெங்கும் அதிகம் பயன்படுவது எதைல் சிலிக்கேற்று. நீர்போல் மெல்லியதாகையால் ஆழமாக ஊறி, ஈரத்தோடு வினைபுரிந்து, துளைகளுக்குள் சிலிக்காவாக இறுகுகிறது. மணற்கல்லில் அந்தச் சிலிக்கா, கல்லின் மணல்மணிகளோடு உறுதியாகப் பிணைகிறது. சுண்ணக்கல்லிலோ அத்தகைய பிணைப்பு இல்லை, துளையை நிரப்பி நிற்பதோடு சரி.

பரலோயிட் பி-72 என்னும் அக்ரிலிக் பிசின் அசற்றோனில் கரைவதால், வேண்டாதபோது மீட்டு எடுக்கலாம் என்பார்கள். அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் உடைந்த சிற்பத்துக்கு அது நல்லதுதான். ஆனால் ஏறத்தாழ 40 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும் பிசினை நம் கோடை வெயிலில் நிற்கும் சுவருக்குப் பூசுவதை நான் ஏற்கமாட்டேன். அடியிலிருந்து ஈரமும் உவரும் ஏறும் சுவரில் அது மூச்சை அடைத்துவிடும்; உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, மேற்படையையே தட்டாகப் பெயர்த்துத் தள்ளும்.

சுண்ணாம்பு கல்லின் சொந்த இனம். பழைய முறையான சுண்ணாம்புத் தெளிநீரில் லீற்றருக்குச் சுமார் 1.7 கிராம் மட்டுமே கரைவதால், பல பத்துத் தடவை ஊற்றவேண்டியிருந்தது. நுண்துகள்களாக அற்ககோலில் மிதக்கும் நானோ சுண்ணாம்பில் லீற்றருக்கு 5 முதல் 25 கிராம் வரை கிடைக்கிறது. அது காற்றின் காபனீரொட்சைட்டை ஏற்றுக் காபனேற்றாக மாற ஈரப்பதன் துணைசெய்வதால், நம் காலநிலை இதற்குச் சாதகம். அற்ககோல் ஆவியாகும்போது துகள்கள் மேலே திரும்பி வந்து வெள்ளை பூப்பதே இதன் குறை.

ஈரமொனியம் ஐதரசன் பொசுபேற்றுக் கரைசல் நீரில் கரைந்தது. கல்லின் கல்சியத்தையே எடுத்து, பற்களில் இருக்கும் அதே வகைக் கனியமான ஐதரொட்சி அபற்றைற்றை ஓரிரு நாளில் உருவாக்குகிறது. அது சுண்ணக்கல்லைவிட அமிலத்தை அதிகம் தாங்கும். பொடியாகும் முருகைக்கல்லுக்கு என் முதல் தெரிவு இதுதான். நுண்வெடிப்புள்ள செதுக்குகளுக்கு நானோ சுண்ணாம்பு.

எதுவாயினும், முதலில் காய்ச்சி வடித்த நீரில் ஊறிய காகிதக்கூழை அப்பி, உலர்ந்தபின் உரித்து, உப்பை உறிஞ்சியெடுக்க வேண்டும். உதிர்ந்து கிடக்கும் துண்டொன்றில் பூசி, ஒரு மாரியும் ஒரு சோளகமும் (தென்மேற்குக் காற்றுக் காலம்) கழியும்வரை பார்த்த பிறகே சுவரைத் தொடலாம். அந்த வேலைக்கும் மழை ஓய்ந்து சோளகம் கிளம்புமுன் வரும் தை, மாசி, பங்குனி மாதங்களே ஏற்றவை.