எஸ்டோனிய மொழிக்கு உரைபெயர்ப்பாளர் அமர்த்துவோர் கவனத்துக்கு

1949 மார்ச்சில் சோவியத் ஆட்சி எஸ்டோனியாவிலிருந்து சைபீரியாவுக்கு நாடுகடத்திய ஏறத்தாழ 20,000 பேரில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அவர்களுள் ஊர் திரும்பியவர்களின் வாய்மொழி வரலாற்றைச் சேகரிக்க, தென்கிழக்கிலுள்ள வோரு வட்டாரத்துக்குச் சென்றிருந்தேன். எனக்கு எஸ்டோனிய மொழி தெரியாது. ஆகவே, சமூகவியல் நேர்காணல்களில் பழகிய, பேச்சை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்லக்கூடிய ஒருவர் வேண்டுமென ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு, நான்கு நாள் கட்டணத்தையும் முன்பணமாகவே செலுத்திவிட்டேன். அப்படி ஒருபோதும் செய்யாதீர்கள்.

எனக்கு அனுப்பிய தன்விவரக் குறிப்பு ஒருவருடையது. வந்து நின்றவர் வேறொருவர். கேட்டபோது, அவர் அரசு உரிமம் பெற்றவர் என்றார்கள். அந்நாட்டில் அந்த உரிமம் ஆவணங்களை எழுத்தில் மொழிபெயர்த்துச் சான்றளிப்பதற்கானது என்பதையும், பேச்சைப் பெயர்க்கும் திறனுக்கு அது சான்றாகாது என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். வந்தவர் வணிக ஒப்பந்தங்களை மொழிபெயர்ப்பவர். வோரு மக்களின் பேச்சு பொது எஸ்டோனியத்திலிருந்து வெகுவாக வேறுபடும். அது தமக்குப் பாதிதான் புரிகிறது என்பதை அவர் கடைசி நாள்வரை சொல்லவேயில்லை.

முதல் நாள் ஒரு மூதாட்டி, மேசைவிரிப்பின் ஓரத்தை விரலால் நீவியபடியே ஏழு நிமிடம் பேசினார். எனக்குக் கிடைத்தவை இரண்டே வாக்கியங்கள்: குடும்பம் சைபீரியாவுக்குக் குடிபெயர்ந்தது, அவன் தையல் இயந்திரத்தை எடுத்துக்கொண்டான். நாடுகடத்தப்பட்டதைக் குடிபெயர்வு என்று சொன்னதே பெரும்பிழை. அதற்கும் மேலாக, எஸ்டோனியத்தில் அவன், அவள் இரண்டுக்கும் ‘தா’ என்ற ஒரே சொல்தான். நம் ‘அவர்’ போல, யாரைக் குறிக்கிறது என்பதைப் பேச்சின் போக்கில்தான் அறிய முடியும். நான் தந்தை என்று குறித்துக்கொண்டேன். இன்னொரு நேர்காணலில், இனத்தைக் குறிக்கும் ‘ரஹ்வுஸ்’ என்ற சொல் குடியுரிமை ஆகிவிட்டது. எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத ரஷ்ய மொழியினர் பலர் வாழும் நாட்டில், அந்த ஒரு சொல் ஆய்வையே திசைதிருப்பிவிடும்.

இரண்டு மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பின் ஒரு நாள் கட்டணம் மட்டும் திரும்பி வந்தது. வருபவரின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பணம் கொடுக்குமுன், நீங்கள் போகவிருக்கும் வட்டாரத்துப் பேச்சின் ஒலிப்பதிவு ஒன்றைக் கொடுத்துப் பத்து நிமிடம் பெயர்க்கச் சொல்லுங்கள். தார்த்துப் பல்கலைக்கழகத்தின் சமூக அறிவியல் துறைகளில் முதலில் விசாரியுங்கள். நான் இறுதியில் அங்குதான் வோருவைச் சேர்ந்த ஒரு மாணவியைக் கண்டடைந்தேன்.

ஒலிப்பதிவை அவர் வரிவரியாகக் கேட்டுச் சொன்னபோதுதான் தெரிந்தது: தந்தையை முன்பே கைது செய்திருந்தார்கள். இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வண்டியேறியவர் தாய். அங்கே ஊராருக்குத் தைத்துக் கொடுத்து, அதற்கு ஈடாக வாங்கிய உருளைக்கிழங்கில்தான் பிள்ளைகள் மூவரும் பிழைத்திருக்கிறார்கள். அந்தத் தாயைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து வந்திருந்தேன்.